இறக்கத்தில் கடிக்கிற பூட்ஸ்: பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும், அவர் தலைமையில் கூடும் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சிலின் உறுப்பினர்களுக்கும்,

காலாட்படையில் 24 வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன் எழுதுகிறேன். பணியில் இருப்பவர் இப்படிப் பொதுவில் எழுத ராணுவ விதி இடம் தராது. அந்த விதியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர்கள் பேச முடியாததை ஓய்வு பெற்ற நாங்களும் பேசாவிட்டால் உங்கள் காதுக்கு வேறு எந்த வழியாக வரும்?

விஷயம் ஒரு ஜோடி பூட்ஸில் தொடங்கியது. போன மாதம் என் அக்கா மகன் லீவில் வந்தான். வடக்கே மலையில் இருக்கிறான். எந்த யூனிட், எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. காட்பாடியில் இறங்கி வீட்டுக்கு வந்தவன் பையிலிருந்து முதலில் எடுத்தது அம்மாவுக்கு வாங்கிய சால்வை. அடுத்து எடுத்தது காலம் முடிந்த ஒரு ஜோடி பூட்ஸ். "மாமா, இதை ஆம்பூர்ல யார்கிட்டயாவது காட்டணும்" என்றான்.

எங்கள் வேலூர்ப் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. அங்கே தைக்கிற ஷூ கப்பலேறி ஐரோப்பா போகிறது. பக்கத்து ஊரில் உலகத்துக்கே ஷூ செய்கிறார்கள், இந்த மண்ணிலிருந்து போன பையன் கால் கொப்புளத்தோடு வருகிறான்.

முப்பது வருடம் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பகுதியில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்து வில் மாதிரி வளைத்துப் பார்த்தார். விரல் மடங்குகிற இடத்தில் வாய் திறந்தது. சின்னக் கத்தியை உள்ளே விட்டு நெம்பினார். அடி சோல் தோசை மாதிரி பிரிந்து வந்தது. "ஒட்டினது தப்பில்ல தம்பி. ஒட்டறதுக்கு முன்னாடி தோலை நல்லா உரசி விடணும், அப்பதான் பசை பிடிக்கும். இதுல மேலாக்க உரசியிருக்கு. பாரு, பசை அப்படியே பளபளன்னு தோல்ல ஒட்டாம நிக்குது. குளிர்ல இது கல்லாயிடும், மடங்கற இடத்துல விட்டுடும்." அப்புறம் முன்பக்கத்தை விரலால் அளந்தார். "லாஸ்டே நம்ம காலுக்குப் போட்டது இல்ல. முனை குறுகல்." லாஸ்ட் என்றால் எதைச் சுற்றி ஷூவை உருவாக்குகிறார்களோ அந்தக் கால் வடிவ அச்சு.

இரண்டு நிமிடம் ஆகவில்லை. லேப் கிடையாது, டெண்டர் கிடையாது.

அவர் சொன்னதற்கு அரசாங்கத்தின் கையிலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கால் அளவு எடுத்தது. நம் மக்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று கண்டு, அதற்கேற்ப 'பா' என்று புது அளவுமுறையையே பரிந்துரைத்தது. அதுவரை நாம் போட்டது இங்கிலாந்துக் காலுக்கு வகுத்த எண். அகலக் கால் உள்ள ஜவான் என்ன செய்வான்? எட்டாம் நம்பர் காலுக்கு ஒன்பது வாங்கி, இரண்டு சாக்ஸ் போட்டு, குதிகாலில் துணி திணிப்பான். சமவெளியில் இது வெறும் செருப்புக்கடி. பதினைந்தாயிரம் அடிக்கு மேலே, இறுகிய பூட்ஸுக்குள் ரத்த ஓட்டம் குறைந்தால் விரல் முதலில் மரத்துப்போகும், அப்புறம் கறுக்கும். அதற்குப் பின் என்ன ஆகும் என்பதை உங்கள் ராணுவ மருத்துவமனைகளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிந்த பூட்ஸைப் பார்த்ததும் எனக்கு என் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது. நான் ஹவில்தாருக்கு ஒரு படி கீழே, நாயக்காக இருந்தபோது எங்கள் யூனிட்டுக்கு ஒரு பூட்ஸ் டிரயலுக்கு வந்தது. நாற்பது ஜோடி. அனுப்பிய அலுவலகமும் செய்த கம்பெனியும் எது என்பது இங்கே வேண்டாம். கம்பெனி ஆள் ஒருவர் கூடவே வந்திருந்தார், குளிரில் மூக்கு ஒழுக நின்றார், பாவம் நல்ல மனுஷன், எங்களுக்கெல்லாம் பாதாம் கொடுத்தார். யூனிட்டில் ஓட்டத்தில் முன்னால் வருகிற நாற்பது பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். எதை மாட்டிவிட்டாலும் ஓடுகிற பயல்கள். அதில் நானும் ஒருவன். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால் அதுவே முதல் தப்பு.

காலையில் பிட்டு என்கிற முதுகுச் சுமைப் பையை மாட்டிக்கொண்டு மேல் போஸ்ட் வரை ஏறினோம். அங்கேயே படிவம் கொடுத்தார்கள். எடை சரியா, தண்ணீர் புகுகிறதா, பிடிப்பு இருக்கிறதா, கணுக்காலுக்குத் தாங்கல் உண்டா. எதிரே ஆம், இல்லை. எல்லோரும் ஆம் போட்டோம். பொய் இல்லை, ஏறும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்ப வண்டியில் கீழே கொண்டுவந்து விட்டார்கள். வண்டியில் இடம் போதாமல் நாங்கள் ஆறு பேர் நடந்து இறங்கினோம்.

இறங்கும்போதுதான் பூட்ஸின் குணம் தெரிந்தது. உடம்பு கனமும் முதுகுச் சுமையும் சேர்ந்து முன்னால் தள்ள, ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் போய் முனையில் முட்டியது. கீழே வந்து கழற்றினால் ஆறு பேருக்கும் நகம் சிவந்திருந்தது. பத்து நாளில் என் நகம் கறுத்துக் கழன்றது. ஓடிப்போய் கேப்டன் சாபிடம் சொன்னோம். இளைஞர், காது கொடுத்துக் கேட்டார். படிவத்தில் இறக்கம் என்று ஒரு கட்டமே இல்லாததால் தாளைத் திருப்பிப் பின்பக்கம் தன் கையாலேயே எழுதினார். இரண்டு வருடம் கழித்து அதே பூட்ஸ் மொத்தமாக வந்தது. அதே குறுகல் முனை. டிரயலுக்கு வந்த நாற்பதில் சோலுக்குத் தையல் இருந்தது, இதில் அதுவும் இல்லை.

மலையில் ஏறுகிறவன் இறங்கவும் வேண்டும் என்பது படிவம் எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் முன்னால் அன்றைக்கு இறங்கி வந்தவன் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

"டிரயல் நடக்கிறதே, அதை நடத்துவதே யூனிட்தானே" என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். நடக்கிறது, மறுக்கவில்லை. எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று பாருங்கள். முதலில் என்ன வேண்டும் என்ற தர வரையறை. அதற்கு 'தேவை ஏற்பு', அதாவது இதை வாங்கத்தான் வேண்டும் என்ற ஒப்புதல். பிறகு டெண்டர் அழைப்பு, தாளில் தொழில்நுட்பப் பரிசீலனை. இதெல்லாம் முடிந்தபின்தான் சாமான் ஜவான் கைக்கு வருகிறது. அப்போது அவனிடம் கேட்பது 'இது உனக்கு உதவுமா' என்ற கேள்வியை இல்லை, 'தாளில் எழுதியபடி இருக்கிறதா' என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்வி. பெண் பார்க்கப் போகும்போது கூட்டிப்போகாமல் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பதுபோல.

துப்பாக்கிக்கும் இதே கதைதான். 2011-ல் ஒரு டெண்டர் விட்டீர்கள். ஒரே துப்பாக்கியில் குழலை மாற்றி 5.56 மி.மீ. தோட்டாவும் சுடலாம், 7.62 மி.மீ. தோட்டாவும் சுடலாம். உலகத்தில் பல கம்பெனிகள் வந்தன, டிரயல் நடந்தது, 2015-ல் மொத்தமாக ரத்தானது. எந்த செக்‌ஷன் கமாண்டரும், அதாவது பத்துப் பேர் கொண்ட சிறு குழுவை நடத்துகிறவனும், இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டான் என்று சத்தியம் செய்வேன். ரோந்து நடுவில் எங்கே உட்கார்ந்து குழல் மாற்றுவது? கழற்றின குழலை யார் சுமப்பது? ஜவானைக் கேட்டால் ஆகாசத்தைக் கேட்பான் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்கவே முடியாததைக் கேட்டது காகிதம்தான்.

அந்த நாலு வருடமும் ஜவான் கையில் இருந்தது நம் நாட்டிலேயே செய்த 5.56 துப்பாக்கி, இன்சாஸ். கார்கிலில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதும், சுடும்போது சிக்கிக்கொண்டதும் நாடறிந்த செய்தி. கடைசியில் 2019-ல் அவசர வழியில் 72,400 சிக் 716 துப்பாக்கி வெளிநாட்டிலிருந்து வாங்கினீர்கள். அப்புறம் ஆறு லட்சத்துக்கு மேல் ஏகே 203-க்கு ஒப்பந்தம் போட்டீர்கள். இரண்டும் நல்ல துப்பாக்கி. ஆனால் இரண்டையும் 7.62 என்றே சொன்னாலும் ஒன்றின் தோட்டாக் கூட்டின் நீளம் 51 மி.மீ., மற்றதன் நீளம் 39. ஒன்றின் தோட்டா மற்றதில் போகாது. இன்சாஸின் 5.56 இன்னும் இருக்கிறது. குறிபார்த்துத் தூரத்தில் சுடுகிற டிரகுனோவுக்குக் கூட்டின் நீளம் 54 உள்ள வேறொரு 7.62. இருட்டில் கோத் என்கிற ஆயுத அறையிலிருந்து பெட்டி தூக்குகிறவனையும், மேல் போஸ்ட்டுக்குக் கோவேறு கழுதையில் தோட்டா ஏற்றுகிறவனையும் இந்தக் கணக்கு எழுதியபோது யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

சியாச்சினைப் பற்றியும் ஒரு வரி. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி அறிக்கை, அதாவது அரசுக் கணக்கைத் தணிக்கை செய்பவரின் அறிக்கை, பனிக் கண்ணாடிக்கு 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை என்றது. 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை புது பூட்ஸ் கொடுக்காமல், பழையதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்றது. அந்த இடைவெளிக்குள்தான், 2016 பிப்ரவரி 3 அன்று, சோனம் போஸ்ட்டில் 19 மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது; நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். சாமானால் அவர்கள் சாகவில்லை. மலையே இடிந்து விழுந்தது. அவர்கள் சாவை என் வழக்குக்கு நான் இழுக்க மாட்டேன். ஆனால் அந்த வருடம் அந்தப் பனியில் நின்றவர்கள் காலில் இருந்தது இன்னொருவன் போட்டுத் தேய்த்த பூட்ஸாக இருந்திருக்கலாம் என்பதை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஜவான் ஏன் வாய் திறப்பதில்லை? மாதா மாதம் யூனிட் முழுக்கக் கூடும் சைனிக் சம்மேளன் நடக்கிறது. யூனிட்டின் தலைமை அதிகாரி, சிஓ சாப், பேசி முடித்துவிட்டு "கோயி பாயிண்ட்?", யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா, என்பார். எண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். யாராவது ஒருவன் எழுந்து லங்கரில், சமையல்கூடத்தில், பருப்பு தண்ணியாக இருக்கிறது என்பான், எல்லோரும் சிரிப்போம், முடிந்தது. பூட்ஸ் சரியில்லை என்று சொல்ல எவனுக்கும் பயம் இல்லை. சொல்லி என்ன ஆகும் என்பது தெரியும்; சிஓ சாப் கையிலும் அது இல்லை. தவிர, சாமான் சரியில்லை என்று சொல்பவனை உடம்பு சரியில்லாதவன் மாதிரிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

நம்மிடம் மட்டும் இல்லை. பிரிட்டன் ராணுவம் ஏஜாக்ஸ் என்று 589 கவச வண்டிகளுக்கு 550 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டது. உள்ளே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தவர்களுக்குச் சத்தமும் அதிர்வும் தாங்கவில்லை. 310 பேரைக் காது பரிசோதனைக்கு அனுப்ப வேண்டி வந்தது. 2021 டிசம்பரில் அவர்கள் அமைச்சகமே ஒரு அறிக்கை வெளியிட்டது. எச்சரிக்கை முன்பே வந்தது, வீரன் என்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வான்தானே என்ற எண்ணத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அப்படி ஓர் அறிக்கையை வெளியிட்டதற்காக அவர்களுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம்.

நம் கடற்படையைப் பாருங்கள். கப்பல் வடிவமைக்கும் பிரிவை 1960-களிலிருந்தே தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கடலில் கப்பல் ஓட்டிய அதிகாரி வரைபட மேசையிலும் உட்காருகிறார். 2022-ல் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அந்தப் பிரிவின் வேலை. ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்க் 1974-ல் அனுமதி பெற்று, முதல் 124-க்கு ஆர்டர் கிடைக்க 2000 ஆனது. கேட்பவர் ஒரு பக்கம், செய்பவர் ஒரு பக்கம், நடுவில் தேவை மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அந்தத் தொழிற்சாலையில் பாடுபட்டவர்கள், அவர்கள் உழைப்பைக் குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. டாங்க் ஓட்டுகிறவனும் அதைச் செய்கிறவனும் முதல் நாளே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இத்தனை வருடம் ஆகியிருக்காது என்பதுதான் என் எண்ணம்.

ராணுவத்திலேயே ஓர் உதாரணம், மேஜராக இருந்த அனூப் மிஷ்ரா. காஷ்மீரில் குண்டு துளைக்காத சட்டையோடு அடி வாங்கியவர். அந்த வலியிலிருந்து உடம்பு முழுக்கக் காக்கும் 'சர்வத்ரா' சட்டையைத் தானே வடிவமைத்தார்; 2019-ல் தலைமைத் தளபதியே விருது கொடுத்தார். 2016-ல் ராணுவ வடிவமைப்பு மையம் தொடங்கினீர்கள். ஜவான்களின் கண்டுபிடிப்புகளுக்கு 'இன்னோ யோத்தா' என்று போட்டி நடத்துகிறீர்கள். எல்லாம் நல்லது. ஆனால் நான் கேட்பது பரிசு வாங்குகிற ஒரு விஞ்ஞானி ஜவானை இல்லை. ஒன்றும் கண்டுபிடிக்காத, சும்மா போட்டு நடக்கிற ஜவானை.

அவன் என்ன நினைக்கிறான் என்று தெரிய உங்களுக்குக் கேள்வித்தாள்கூட வேண்டாம். எந்த யூனிட்டிலும் தர்ஜியின், அதாவது தையல்காரரின், அறைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். புது மேகசின் பை வந்த வாரத்திலேயே வரிசை நிற்கும்: வெல்க்ரோவைப் பிய்த்துப் பட்டன் வை, அதைப் பிரிக்கும் சத்தம் ராத்திரியில் எட்டூருக்குக் கேட்கிறது; தோள்பட்டை பேடைக் குறை, துப்பாக்கிக் கட்டை நழுவுகிறது; கையுறையின் ஆள்காட்டி விரலை வெட்டு, டிரிகருக்குள் விரல் போகவில்லை. டெல்லி கன்டோன்மென்ட் கோபிநாத் பஜாருக்குப் போங்கள். சொந்தக் காசில் பையும் பூட்ஸும் வாங்க ஜவான்கள் நிற்பதைப் பார்க்கலாம். ஜவான் வெட்டுவதும் தைப்பதும் டேப் சுற்றுவதும் காசு கொடுத்து மாற்றுவதும்தான் உங்களுக்கு அவன் எழுதும் ரிப்போர்ட். படிக்க ஆள் இல்லை.

2020-ன் கொள்முதல் நடைமுறையை மறுஆய்வு செய்யக் குழு போட்டுக் கருத்துக் கேட்டீர்கள். பூட்ஸ், துணிமணி போன்றவை வாங்குவதற்கான புதுக் கையேடும் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வேகம் கூடும், தாமத அபராதம் தளரும், தொழில் நடத்துவது எளிதாகும் என்கிறீர்கள். சரி. காலில் போட்டு நடப்பதை எளிதாக்க எந்த அத்தியாயம்?

நான் கேட்பது இவை.

எந்தச் சாமானுக்கும் தர வரையறை எழுதும் முன், அதைப் பயன்படுத்தப்போகும் நாயக், ஹவில்தார், சுபேதார் நிலையில் உள்ளவர்களை உட்காரவையுங்கள். பனி, பாலைவனம், காடு மூன்றிலிருந்தும் ஆள் வேண்டும், கடைசி இரண்டு வருடத்துக்குள் அங்கே இருந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் சொன்னது கோப்பில் இணைந்திருக்காவிட்டால் கவுன்சிலோ வேறு எந்த அதிகாரியோ 'தேவை ஏற்பு' கொடுக்கக் கூடாது. இதில் ரகசியம் கெடும் என்றால், அதே ரகசியத்தைத்தான் ராத்திரி பகலாக அவர்கள் எல்லையில் காவல் காக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

டிரயலுக்கு ஓட்டக்காரர்களைப் பொறுக்காதீர்கள், சீட்டுக் குலுக்கி எடுங்கள். குட்டையன், நெட்டையன், நாற்பது வயதுக்காரன், அகலக் கால்காரன், பெண் வீரர்கள் எல்லோரும் வரட்டும். குளிர்ச் சாமான் என்றால் ஒரு குளிர்காலம் முழுக்க அவர்களிடமே இருக்கட்டும். பெயர் எழுதாமல், அவரவர் மொழியில் எழுதிக் கொடுக்க இடம் வேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்க்க யூனிட்டில் ஆள் கிடைப்பார். படிவத்தின் பின்பக்கமும் கோப்பில் ஏற வேண்டும்.

மொத்தச் சரக்கின் முதல் தவணை வந்ததும், டிரயல் செய்த அதே ஆட்களிடம் அதைக் கொடுங்கள். மாதிரியும் இதுவும் ஒன்றுதான் என்று அவர்கள் கையெழுத்துப் போட்டபிறகு மீதிப் பணம் கம்பெனிக்குப் போகட்டும். விலை குறைந்தவனுக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தி, கூடுதல் தரத்துக்கும் மதிப்பெண் தர உங்கள் நடைமுறையிலேயே வழி இருக்கிறது. ஜவான் உடம்பில் போடுகிற எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு யூனிட்டின் தர்ஜியும், செருப்புத் தைக்கிற மோச்சியும் என்ன மாற்றினார்கள் என்று வருடம் ஒருமுறை பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். குறை சொன்ன யூனிட்டுக்கு ஆறு மாதத்துக்குள் பதில் வர வேண்டும், 'முடியாது' என்றாவது.

பூட்ஸைப் பொறுத்தவரை, அடையாறில் எடுத்து வைத்திருக்கிற கால் அளவை வைத்து லாஸ்ட் போடுங்கள். டிரயலில் இறக்கத்தைச் சேருங்கள். வண்டி வேண்டாம்.

ஆம்பூர்ப் பெரியவர் பிரித்துக் காட்டிய ஜோடி என் வீட்டில் ஒரு சாக்குப்பையில் இருக்கிறது. ஒன்பதாம் நம்பர். அமைச்சகத்திலிருந்து யாராவது வந்தால் கொடுக்கிறேன், பெரியவரிடமும் கூட்டிப்போகிறேன். மருமகன் லீவு முடிந்து நேற்றுப் போய்விட்டான். சொந்தக் காசில் வாணியம்பாடியில் வாங்கின பூட்ஸோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்,
வேலூர் மாவட்டம்